வீடியோ ரிவ்யூ: கேமரா வந்தால் நடுவர் பிழை தீர்ந்துவிடுமா? கல்லூரி மைதானம் வரை இது ஏன் வரவில்லை?

சித்தூரிலோ திருப்பதியிலோ சாயங்காலம் எந்த மைதானத்தைத் தாண்டிப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். எல்.பி.டபிள்யூ கேட்டு கிடைக்காத பையன் இரண்டு கையையும் சேர்த்து 'டி' காட்டுவான். தமிழும் தெலுங்கும் கலந்து "ரிவ்யூ, ரிவ்யூ" என்று நாலு பேர் கத்துவார்கள். ரிவ்யூ பார்க்க அங்கே யாரும் கிடையாது. சிரித்துவிட்டு அடுத்த பந்தைப் போடுவார்கள்.

அதே மைதானத்தில் கல்லூரி அணிகள் மோதும்போது அந்தச் சிரிப்பு இருக்காது. திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகள் இரண்டு மாவட்டங்களிலும் இருக்கின்றன. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் கண்ணில் படுபவர்தான் பல்கலைக்கழக அணிக்குப் போவார். அங்கிருந்து தென் மண்டலப் போட்டி, கையில் ஒரு சான்றிதழ், அதை வைத்து விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு சீட்டோ வேலையோ. இந்த ஏணியின் முதல் படியில் ஒரு தப்பான ஆஃப்சைடு கொடி போதும், ஒரு வருஷம் போய்விடும்.

ஆனால் எல்லைக் கோட்டுக்கு வெளியே இருபது செல்போன்கள் அதைப் படம் பிடித்துக்கொண்டிருக்கும். "வீடியோதான் இருக்கிறதே, பார்த்துச் சொன்னால் என்ன?" என்று தோற்ற அணி கேட்பது நியாயமாகத்தான் தெரியும். ரெஃப்ரி ஏன் பார்க்க மாட்டார்? பார்த்தால் பிரச்னை தீர்ந்துவிடுமா?

ஒரே கோடு, இரண்டு தீர்ப்பு

கத்தாரில், தோஹாவிலும் அதை ஒட்டிய பகுதியிலும், 18 மாத இடைவெளியில் நடந்த இரண்டு ஆட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டிலும் கேள்வி ஒன்றுதான். பந்து கோல் கோட்டைத் தாண்டி வெளியே போனதா, இல்லையா?

முதலாவது 2022 டிசம்பர் 1, உலகக் கோப்பை, ஜப்பான் - ஸ்பெயின். கோட்டில் போய்க்கொண்டிருந்த பந்தை மிடோமா உள்ளே திருப்பினார், டனாகா கோலாக்கினார். டி.வி.யில் பார்த்த பெரும்பாலானோருக்குப் பந்து வெளியே போனதாகத்தான் தெரிந்தது. வி.ஏ.ஆர் எனப்படும் வீடியோ துணை நடுவர் குழு, கோல் கோட்டுக்கு நேராக இருந்த கேமராவைப் பார்த்தது. பந்தின் ஓரம் சில மில்லிமீட்டர் அளவுக்குக் கோட்டுக்கு மேலே இருந்தது. முழுப் பந்தும் தாண்டினால்தான் வெளியே என்பது விதி. எனவே கோல். ஜப்பான் 2-1 என்று ஜெயித்தது. அதே நேரம் கோஸ்டாரிகாவை 4-2 என்று வென்றும் ஜெர்மனி வீட்டுக்குப் போனது.

இரண்டாவது 2024 ஜூன் 11. உலகக் கோப்பை தகுதிச் சுற்றின் இரண்டாம் கட்டம், இந்தியா - கத்தார். 37-வது நிமிடத்தில் சாங்தே அடித்த கோலால் இந்தியா முன்னிலையில் இருந்தது. 73-வது நிமிடத்தில் கத்தாரின் ஹெடர் குர்ப்ரீத் சிங் சந்துவிடம் வந்து, அவர் கையிலிருந்து நழுவி, கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் கோட்டைத் தாண்டி வெளியே போனது. கத்தார் வீரர் ஒருவர் அதைக் காலால் உள்ளே இழுத்தார், யூசுஃப் அய்மன் வலைக்குள் தள்ளினார். இந்திய வீரர்கள் பந்து வெளியே போய்விட்டது என்று ஆட்டத்தை நிறுத்திவிட்டு நின்றார்கள். ரெஃப்ரி கோல் கொடுத்தார். ரீப்ளேயில் பந்து முழுசாக வெளியே போனது யாருக்கும் தெரியும்படி இருந்தது. ஆனால் அந்தக் கட்டத்தில் வி.ஏ.ஆர் கிடையாது. மூன்றாம் சுற்றில்தான் அது வந்தது.

85-வது நிமிடத்தில் கத்தார் இன்னொரு கோல் போட, இந்தியா 1-2 என்று தோற்றது. இதன் விலை என்ன என்பதைப் புள்ளிப் பட்டியல் சொல்லும். ஆட்டம் தொடங்கும்போது இந்தியாவுக்கு 5 புள்ளி. ஜெயித்திருந்தால் 8. அதே இரவில் ஆப்கானிஸ்தானை வென்ற குவைத் 7-ல் முடித்தது. அதாவது 73-வது நிமிடம் வரை இருந்த ஸ்கோர் அப்படியே நின்றிருந்தால், இந்தியா முதல்முறையாக மூன்றாம் சுற்றுக்குப் போயிருக்கும். அந்த ஒரு கோலால்தான் தோற்றோம் என்று சொல்ல முடியாது, இரண்டாவது கோலில் எந்தச் சர்ச்சையும் இல்லை. ஆனாலும் 1-0 என்று காக்க வேண்டிய கடைசிக் கால் மணி நேரம் வேறு ஆட்டம்.

அகில இந்திய கால்பந்து சம்மேளனம் புகார் கொடுத்தது, விசாரணை கேட்டது. முடிவு மாறவில்லை. ஒரு வாரத்துக்குள் பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச் நீக்கப்பட்டார்.

உலகமே பார்த்த வீடியோ, ஏன் செல்லாது?

கால்பந்து விதிப் புத்தகத்தின் 5-வது விதிதான் காரணம். ஆட்டத்தில் நடந்தவை பற்றிய ரெஃப்ரியின் முடிவு, கோலா இல்லையா என்பது உட்பட, இறுதியானது. ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் அவரே நினைத்தாலும் அந்த முடிவை மாற்ற முடியாது. வீடியோ பார்ப்பது என்பது 2018-ல் இந்த விதிக்கு எழுதப்பட்ட ஒரு விலக்கு. அதுவும் நான்கே விஷயத்துக்கு: கோல், பெனால்டி, நேரடி சிவப்பு கார்டு, ஆள் மாறாட்டம். அங்கேயும் 'தெளிவான, வெளிப்படையான தவறு' என்றால்தான் முடிவை மாற்றலாம். முன்கூட்டியே அனுமதி வாங்கிய போட்டிகளில் மட்டும்தான் இந்த விலக்கு பொருந்தும்.

அதனால் கல்லூரி மேட்சில் ரெஃப்ரி உங்கள் செல்போனைப் பார்க்க மறுப்பது திமிர் இல்லை. பார்த்தால்தான் அவர் விதியை மீறியவர் ஆவார்.

இந்தியன் சூப்பர் லீகிலேயே இது வெடித்திருக்கிறது. 2023 மார்ச் 3, பெங்களூரு கண்டீரவா மைதானம், நாக் அவுட் ஆட்டம். கூடுதல் நேரத்தில் சுனில் சேத்ரி வேகமாக எடுத்த ஃப்ரீ கிக் கோலானது. கேரளா பிளாஸ்டர்ஸ் வீரர்கள் தாங்கள் தயாராகும் முன் அடித்துவிட்டார் என்று சொல்லி மைதானத்தை விட்டே வெளியேறினார்கள். அவர்களுக்கு 4 கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச்சுக்கு 10 ஆட்டத் தடை. அப்போதும் 'வி.ஏ.ஆர் எங்கே?' என்ற கோஷம்தான் கிளம்பியது. யோசித்துப் பார்த்தால், அங்கே சர்ச்சை பந்து எங்கே போனது என்பதில் இல்லை. வேகமாக அடிக்க ரெஃப்ரி இடம் கொடுத்தாரா என்பதில்தான். அது அவர் மனதில் இருக்கும் முடிவு. அதை எந்த கேமரா காட்டும்?

கிரிக்கெட் கற்றுக்கொடுத்தது

நம்ம ஊரில் ரிவ்யூ என்றாலே கிரிக்கெட்தான். 1992 நவம்பரில் டர்பன் டெஸ்டில் டி.வி. ரீப்ளே பார்த்து மூன்றாம் நடுவர் அவுட் கொடுத்த முதல் பேட்ஸ்மேன் சச்சின் டெண்டுல்கர், ரன் அவுட். ரன் அவுட்டில் கேமரா நன்றாக வேலை செய்யும். கோடு நகராது, பேட் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் போதும்.

எல்.பி.டபிள்யூ அப்படி இல்லை. பந்து காலில் பட்டதற்கு அப்புறம் எங்கே போயிருக்கும் என்பது நடக்காத ஒரு விஷயம். கணினி அதை ஊகிக்கிறது. ஊகத்தில் பிசகு இருக்கும் என்பதை ஒப்புக்கொள்ளும் ஏற்பாடுதான் 'அம்பயர்ஸ் கால்'. மைதான நடுவர் நாட் அவுட் சொல்லியிருந்தால், பந்தில் பாதியாவது ஸ்டம்ப் பகுதியில் பட்டால்தான் முடிவு மாறும். லேசாக உரசினால் மாறாது. ஒரே பந்து, நடுவர் அவுட் சொல்லியிருந்தால் அவுட், நாட் அவுட் சொல்லியிருந்தால் நாட் அவுட். ரசிகர்களுக்கு இது எரிச்சல். எனக்குத் தெரிந்து இதுதான் மொத்த டி.ஆர்.எஸ்ஸிலும் நேர்மையான பகுதி. இதற்கு மேல் எனக்குத் தெரியாது, முதலில் பார்த்தவர் சொன்னதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று இயந்திரமே சொல்கிறது.

2008-ல் இலங்கையில் டி.ஆர்.எஸ் சோதித்துப் பார்க்கப்பட்ட முதல் தொடரில் இலங்கைக்கு 11 ரிவ்யூ சாதகமாக வந்தது, இந்தியாவுக்கு ஒன்று. இரண்டு அணிக்கும் ஒரே கேமராக்கள்தான். எப்போது கேட்பது என்று தெரிந்த அணி ஜெயித்தது. கசந்துபோன இந்திய வாரியம் 2016 நவம்பர் ராஜ்கோட் டெஸ்ட் வரைக்கும் தன் தொடர்களில் இதை முழுதாக ஏற்கவில்லை.

உள்நாட்டுக் கிரிக்கெட்டில் இன்னும் மெதுவாக வந்தது. 2019 ஜனவரியில் ரஞ்சி அரையிறுதி, பெங்களூரு. புஜாராவின் பேட்டில் பந்து உரசிப் போனது ரீப்ளேயில் தெரிந்தும் நடுவர் அவுட் தரவில்லை. அவர் ஆட்டமிழக்காமல் 131 அடித்தார், சௌராஷ்டிரா ஜெயித்தது, கர்நாடகா வெளியேறியது. அடுத்த சீசன் அரையிறுதியிலும் இறுதியிலும் பந்தின் பாதையைக் கணிக்கும் தொழில்நுட்பம் இல்லாத ஒரு பாதி டி.ஆர்.எஸ் வந்தது. மாநில அணிக்கே கடைசி இரண்டு கட்டத்தில் மட்டும், அதுவும் பாதி. கல்லூரி எங்கே நிற்கிறது என்று புரியும்.

தமிழ்நாடு பிரீமியர் லீகில் 2023-ல் டி.ஆர்.எஸ் வந்த கையோடு ஒரு வேடிக்கையும் நடந்தது. கோவையில் அஸ்வின் பந்தில் நடுவர் கேட்ச் அவுட் கொடுத்தார். பேட்ஸ்மேன் ரிவ்யூ கேட்டார், நாட் அவுட் என்று மாறியது. உடனே அஸ்வின் அந்த ரிவ்யூவையே ரிவ்யூ கேட்டார்! மறுபடி பார்த்தார்கள், நாட் அவுட்தான். வீடியோ கடைசி வார்த்தை என்று நினைத்தால், அதற்கும் ஒரு மேல்முறையீடு கேட்கத் தோன்றும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அமெரிக்காவில் கல்லூரி மேட்சுக்கே ரிவ்யூ

கல்லூரி விளையாட்டில் வீடியோ ரிவ்யூவை முழுமையாகக் கொண்டுவந்த இடம் அமெரிக்கா. அவர்கள் ஃபுட்பால் என்பது கையில் பந்தை எடுத்துக்கொண்டு ஓடும் வேறு ஆட்டம். 2004-ல் 'பிக் டென்' என்ற கல்லூரிக் கூட்டமைப்பு சோதனையாகத் தொடங்கியது. 2005-ல் மற்ற கூட்டமைப்புகளுக்கும் அனுமதி கிடைத்தது. 2006-ல் பயிற்சியாளரும் ஒரு முடிவை எதிர்த்து ரிவ்யூ கேட்கலாம் என்று ஆனது.

கிரிக்கெட்டோடு ஒப்பிட்டால் ஒரு பெரிய வித்தியாசம். அங்கே வீரர் கேட்கும் வரை காத்திருக்க மாட்டார்கள். மேலே அறையில் உட்கார்ந்திருக்கும் ரிவ்யூ அதிகாரி ஒவ்வொரு ஆட்ட நகர்வையும் பார்க்கிறார், சந்தேகம் வந்தால் அவரே நிறுத்துவார். ஆனால் மாற்றுவதற்கான தகுதி கடுமையானது. மைதானத்தில் சொன்னதுதான் சரி என்று வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும். மறுக்கவே முடியாத வீடியோ ஆதாரம் இருந்தால்தான் மாற்றலாம்.

இவ்வளவு ஏற்பாடும் இரண்டாவது வருஷமே சறுக்கியது. 2006 செப்டம்பர் 16, ஒக்லஹோமா - ஓரிகன் ஆட்டத்தின் கடைசி நிமிடங்கள். ஓரிகன் உதைத்த பந்து விதிப்படி பத்து யார்டு போக வேண்டும். அதற்கு முன்பே ஓரிகன் வீரர் தொட்டுவிட்டார், தவிர பந்து கடைசியில் ஒக்லஹோமா வீரர் கையில் இருந்தது. நடுவர்கள் பந்தை ஓரிகனுக்குக் கொடுத்தார்கள். ரிவ்யூ பார்த்தார்கள், அப்போதும் ஓரிகனுக்கே. ஓரிகன் 34-33 என்று ஜெயித்தது. பின்னால் கூட்டமைப்பு தவறை ஒப்புக்கொண்டு, ரிவ்யூ அதிகாரி உட்பட நடுவர் குழுவையே ஓர் ஆட்டத்துக்கு இடைநீக்கம் செய்தது. ஸ்கோர் மாறவில்லை. கேமரா இருந்தும் நம்ம தோஹா கதைதான்.

கபடியில் வீடியோவால் முடியாதது

2023 அக்டோபர் 7, ஹாங்சோ ஆசிய விளையாட்டு, ஆண்கள் கபடி இறுதி, இந்தியா - இரான், 28-28. பின்னாளில் தெலுகு டைட்டன்ஸ் கேப்டனான பவன் செராவத் ரெய்டு போனார். யாரையும் தொடாமல் பக்கத்து லாபிக்குள் கால் வைத்தார். இரான் டிஃபெண்டர்களும் அவரோடு லாபிக்குள் வந்துவிட்டார்கள். புரோ கபடியில் இருக்கும் புதிய விதிப்படி பவன் மட்டும் அவுட். பழைய விதிப்படி பின்னால் வந்த டிஃபெண்டர்களும் அவுட்.

ரீப்ளே பார்த்தார்கள். கால் எங்கே இருந்தது என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. எந்த விதி பொருந்தும் என்பதில்தான் சண்டை. தீர்ப்பு ஒருமுறை இப்படி, ஒருமுறை அப்படி மாறி, சுமார் ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றது. கடைசியில் இந்தியா 33-29 என்று தங்கம் வாங்கியது. சித்தூர் பக்கம் கபடி டோர்னமென்ட் நடத்துகிறவர்கள் கேமராவுக்குக் காசு தேடும் முன், எந்த வருஷத்து விதிப் புத்தகம் என்பதை நோட்டீஸில் போட்டுவிடலாம். செலவே இல்லை.

சரி, செல்போன் வீடியோ எவ்வளவு நம்பத்தக்கது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாதாரண செல்போன் வீடியோ விநாடிக்கு 30 படம் எடுக்கும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அடித்த பந்து ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 27.8 மீட்டர் போகும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் அது 93 செ.மீ. நகர்ந்திருக்கும். கால்பந்தின் குறுக்களவு சுமார் 22 செ.மீ. அதாவது ஒரு படத்தில் பந்து கோட்டுக்கு முன்னால், அடுத்ததில் கம்பத்தில் பட்டுத் திரும்பி வருகிறது. உள்ளே போனதா என்பது எந்தப் படத்திலும் இல்லாத இடைவெளியில் நடந்து முடிந்திருக்கும். 60 படம் என்றால் இடைவெளி 46 செ.மீ. 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷனில்தான் 12 செ.மீ.க்கு இறங்கும்.

அடுத்தது கோணம். பந்து தரையைத் தொடும் புள்ளி கோட்டின் வெளி விளிம்பைத் தாண்டி 10 செ.மீ. போயிருந்தாலும், பந்தின் வயிறு இன்னும் கோட்டுக்கு மேலே இருக்கலாம். பக்கவாட்டிலிருந்து பார்க்கிறவருக்கு நடுவில் பச்சைப் புல் தெரியும், 'வெளியே' என்று சத்தியம் செய்வார். ஜப்பான் கோலில் உலகம் முழுக்க நடந்தது அதுதான். கோட்டுக்கு நேரே நிற்காத போன், கோடு பற்றிச் சாட்சி சொல்ல முடியாது. ஆஃப்சைடுக்கு இன்னும் மோசம்: பந்தை உதைத்த கணமும், ஓடுகிறவரும், கடைசி டிஃபெண்டரும் ஒரே படத்தில் வேண்டும்.

ஆனால் கத்தார் கோல் போன்ற பெரிய தவறுகளுக்கு இவ்வளவு நுணுக்கம் தேவையில்லை. சாதாரண டி.வி. படமே போதுமாக இருந்தது. மில்லிமீட்டர் சண்டைக்குத்தான் 30 கேமரா வேண்டும். பட்டவர்த்தனமான தவறைப் பிடிக்க சரியான இடத்தில் இரண்டு மூன்று போதும்.

திருப்பதி வரை வருமா?

இந்த எண்ணத்தில்தான் ஃபிஃபா 'ஃபுட்பால் வீடியோ சப்போர்ட்' என்ற எளிய முறையைச் சோதித்து வருகிறது. 2024-ல் கொலம்பியாவில் நடந்த 20 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பையில் பயன்படுத்தினார்கள். 2025-26 சீசனில் இத்தாலியின் மூன்றாம் டிவிஷனும் எடுத்துக்கொண்டது. தனி வீடியோ அறை கிடையாது, வீடியோ நடுவர் கிடையாது. ஒரு ஆட்டத்துக்கு ஒரு அணியின் பயிற்சியாளர் இரண்டு முறை கேட்கலாம். ரெஃப்ரியே ஓரத்தில் இருக்கும் திரையில் போய்ப் பார்ப்பார். கேட்டது சரியென்றால் வாய்ப்பு குறையாது. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இது உடனே புரியும்.

என்றாலும் பல்கலைக்கழகம் தானாக இதைக் கால்பந்தில் தொடங்கிவிட முடியாது, அனுமதி மேலிருந்து வர வேண்டும். கிரிக்கெட்டில் நிலைமை வேறு. டி.ஆர்.எஸ் அடிப்படை விதிகளில் இல்லை, ஒவ்வொரு போட்டிக்கும் எழுதப்படும் ஆட்ட நிபந்தனைகளில் இருக்கிறது. ரன் அவுட்டுக்கு மட்டும் இரண்டு பக்கமும் ஸ்டாண்டில் நிறுத்திய இரண்டு ஸ்லோ மோஷன் போன்கள் என்று ஒரு கல்லூரிப் போட்டிக்குள் எழுதிக்கொள்ளலாம். எந்த கேமரா, யார் பார்ப்பது, எத்தனை நிமிடம், படம் தெளிவாக இல்லையென்றால் முதல் முடிவே நிற்கும் என்பதெல்லாம் டாஸுக்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும்.

கால்பந்தில் இப்போதைக்கு காசு இருந்தால் அதைப் பயிற்சி பெற்ற இரண்டு லைன்ஸ்மேனுக்குக் கொடுப்பதே மேல் என்பது என் கணிப்பு. பல சிறிய போட்டிகளில் கொடியைப் பிடிப்பவர் ஏதோ ஒரு அணியின் மாற்று வீரராக இருக்கிறார். அதைச் சரி செய்யாமல் கேமரா பற்றிப் பேசுவது, ஓட்டைப் பானைக்கு மூடி தேடுகிற மாதிரி. மேட்ச் முடிந்த ராத்திரி ரெஃப்ரி முகத்தைப் போட்டு வாட்ஸ்ஆப்பில் சுற்றும் கிளிப்பும் எதையும் திருத்தாது. அவருக்குக் கிடைத்தது ஒரு பார்வை, நகரும்போதே. கிளிப்பைப் பார்ப்பவர் இருபது தடவை நிறுத்திப் பார்க்கிறார்.

தோற்ற அணியின் மேனேஜருக்கு இன்று இருக்கும் வழி குறுகியது. எழுத்து மூலம் புகார் தர எவ்வளவு நேரம், எவ்வளவு கட்டணம் என்பது அந்தந்தப் போட்டி விதிமுறையில் இருக்கும், ஆட்டத்துக்கு முன்பே படித்து வைத்துக்கொள்வது நல்லது. 'அது ஆஃப்சைடு இல்லை', 'அது பெனால்டி' என்று எழுதினால் தள்ளுபடி ஆகும். அது நடுவரின் பார்வை சம்பந்தப்பட்டது. தகுதியில்லாத வீரரை இறக்கினார்கள், ரெஃப்ரி விதியையே தவறாகப் பயன்படுத்தினார் என்றால் கேட்பார்கள். செல்போன் வீடியோவுக்கு ஓரளவு மதிப்பு கிடைக்கும் இடம், 4-ம் நம்பர் செய்த ஃபவுலுக்கு 14-ம் நம்பருக்கு சிவப்பு கார்டு போன ஆள் மாறாட்டம். ஸ்கோர் அப்படியேதான் இருக்கும். ஆனால் அந்தப் பையனின் அடுத்த மேட்ச் தடையை நீக்கச் சொல்லிக் கேட்கலாம்.